பாளைக்கு வந்து சேரும் சர்க்கரை

தை பிறந்தால் தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கத்துப் பனைகளில் பாளை வரத் தொடங்கிவிடும். அதிலிருந்து ஆனி, ஆடி வரை பனையேறிக்கு ஓய்வு கிடையாது. காலையும் மாலையும் மரமேற வேண்டும். பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவ வேண்டும். உட்புறம் சுண்ணாம்பு பூசிய கலயத்தைக் கட்டிவிட்டு இறங்க வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் தேரிமணல் கொதிக்கும். மழை பெய்து மாதக்கணக்கில் ஆகியிருக்கும். ஆனாலும் மரத்தின் உச்சியில் சொட்டு நிற்காது. பதநீர் என்ற அந்தச் சொட்டில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. எட்டுப் பத்து லிட்டரைக் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி கிடைத்துவிடும்.

இவ்வளவு சர்க்கரை எங்கிருந்து வருகிறது? வேர் பூமிக்குள் ஆழமாகப் போய் உறிஞ்சி மேலே அனுப்புகிறது என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தண்ணீரைப் பொறுத்தவரை அது சரி. சர்க்கரைக்கு அது பொருந்தாது. மண்ணில் தண்ணீரும் உப்புகளும் உண்டு, சர்க்கரை இல்லை. பதநீரில் இருக்கும் சர்க்கரையின் ஒவ்வொரு மூலக்கூறும் ஏதோ ஒரு நாள் ஏதோ ஓர் ஓலையில், வெயிலையும் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடையும் கொண்டு ஆக்கப்பட்டது. ஆக்கிய இடத்திலிருந்து பாளைக்கு அது வந்து சேர்ந்த வழிதான் இந்தக் கட்டுரையின் பொருள். பனையில் மட்டுமல்ல, நெல்லிலும் மாவிலும் வாசல் முருங்கையிலும் உள்ள வழி அதுதான்.

இரண்டு பாதைகள்

செடிக்குள் நெடுந்தூரப் போக்குவரத்துக்கு இரண்டு திசுக்கள் உண்டு. சைலம் வேரிலிருந்து இலைக்குத் தண்ணீரையும் தாது உப்புகளையும் ஏற்றுகிறது. சைலக் குழாய்கள் செத்த செல்களின் வெற்றுக் கூடுகள். இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது ஏற்படும் இழுவிசையால் அதனுள் நீர் மேலேறுகிறது. நாம் மரம் என்று சொல்லி அறுத்து மேசை செய்வதெல்லாம் பெரும்பாலும் இந்தச் சைலம்தான்.

மற்றொன்று புளோயம். இலை ஆக்கிய சர்க்கரையைச் செடியின் மற்ற உறுப்புகளுக்குக் கொண்டுபோவது இது. மா, வேம்பு, புளி போன்ற மரங்களில் இது பட்டையின் உட்புறத்தில், கட்டையை ஒட்டி, மெல்லிய அடுக்காக இருக்கிறது. சைலக் குழாய்க்கு நேர்மாறாக, புளோயக் குழாய் உயிருள்ள செல்களால் ஆனது. சைலத்தில் நீர் இழுக்கப்படுகிறது. புளோயத்தில் சாறு தள்ளப்படுகிறது. சைலத்தின் ஓட்டம் மேல்நோக்கியது. புளோயத்தின் ஓட்டமோ சர்க்கரை ஆக்கும் இடத்திலிருந்து அது தேவைப்படும் இடத்துக்குப் போவது. தேவை வேரில் இருந்தால் கீழே போகும். உச்சியில் இருக்கும் பூவுக்கும் கொழுந்துக்கும் தேவை என்றால் மேலே போகும்.

இனிப்பாக ஒழுகும் மரச்சாறு எல்லாமே புளோயச் சாறு அல்ல. கனடாவில் மேப்பிள் மரத்தைத் துளையிட்டு எடுக்கும் சாறு சைலத்திலிருந்து வருவது. குளிர்காலம் முடியும் சில வாரங்களில் மட்டும் கிடைக்கும். அதில் சர்க்கரை நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். பதநீர் அதைப்போல நாலைந்து மடங்கு இனிப்பானது. காரணம், அது புளோயத்தின் சாறு.

பட்டையை உரித்துப் பார்த்தவர்கள்

புளோயம் என்ற பெயர் வருவதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அதன் வேலையைக் கண்டவர் இத்தாலியரான மார்செல்லோ மால்பிகி. 1670களில் அவர் மரக்கிளைகளைச் சுற்றிப் பட்டையை மட்டும் வளையமாக உரித்து விட்டுவிட்டார். கட்டை அப்படியே இருந்ததால் தண்ணீர் தடையின்றி ஏறியது, இலைகள் வாடவில்லை. நாள் செல்லச் செல்ல வளையத்துக்கு மேலே இருந்த பட்டை புடைத்து வீங்கியது. கீழே இருந்த பகுதி வளரவே இல்லை. இலையிலிருந்து ஏதோ ஓர் ஊட்டம் பட்டை வழியாக இறங்குகிறது, வளையம் அதை மறித்துவிட்டது என்பது தெளிவாயிற்று.

நம் ஊர்த் தோட்டக்காரர்கள் இதைத் தினமும் செய்து பார்க்கிறார்கள். கொய்யாவிலும் மாதுளையிலும் விண்பதியம் போடும்போது, கிளையில் ஒரு விரற்கடை அகலத்துக்குப் பட்டையை வளையமாக எடுத்துவிட்டு, ஈரப் பாசியோ தென்னை நார்க்கழிவோ வைத்துக் கட்டுகிறோம். சில வாரங்களில் வேர் விடும். அது வெட்டின் மேல்விளிம்பில் விடும், கீழ்விளிம்பில் விடாது. மேலிருந்து வந்த சர்க்கரையும் வளர்ச்சி ஹார்மோனும் அந்த விளிம்பில் தேங்கி நின்று, அங்கே வேரைப் பிறப்பிக்கின்றன. மால்பிகி கண்ட வீக்கமும் விண்பதிய வேரும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள்.

1837இல் தியோடோர் ஹார்ட்டிக் என்ற ஜெர்மானிய வனவியலாளர் பட்டைக்குள் இருந்த குழாய்களை நுண்ணோக்கியில் கண்டார். செல்லோடு செல் சேரும் குறுக்குச் சுவர்களில் சல்லடை போலத் துளைகள் இருந்தன. சல்லடைக் குழாய் என்ற பெயர் அதனால் வந்தது. பின்னாளில், பட்டையைக் கீறினால் அந்தக் குழாய்களிலிருந்து இனிப்பான சாறு கசிவதையும் அவரே பதிவு செய்தார்.

உட்கரு இல்லாத உயிர்

சல்லடைக் குழாயின் ஒவ்வொரு செல்லும் முதிரும்போது தன் உடைமைகளைத் துறக்கிறது. முதலில் உட்கரு போகிறது. புரதம் செய்யும் ரைபோசோம்களும் பெரிய நுண்குமிழும் போகின்றன. சவ்வும் அதன் ஓரத்தில் ஒட்டிய சிறு உறுப்புகளும் மட்டுமே மிஞ்சுகின்றன. சாறு தடையின்றி ஓட நடுவில் இடம் வேண்டும் என்பதற்காக நடக்கும் ஏற்பாடு இது. குழாயின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு முதல் நாலு பங்கு வரை, தலைமுடியைவிட மெல்லியது.

உட்கரு இல்லாத செல் தன்னைத் தானே பேண முடியாது. அதனால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு துணைச் செல் ஒட்டியிருக்கிறது. இரண்டும் ஒரே தாய்ச் செல்லிலிருந்து பிரிந்தவை. இடையே நுண்ணிய வாயில்கள் பல. வேண்டிய புரதங்களையும் ஆற்றலையும் துணைச் செல் அந்த வாயில்கள் வழியே கொடுத்துக்கொண்டிருக்கும் வரை சல்லடைச் செல் உயிரோடு இருக்கிறது.

பெரும்பாலான மரங்களில் சல்லடைக் குழாய்கள் ஓரிரு பருவங்களே உழைக்கும். பட்டைக்கு உட்புறம் புதுப் புளோயம் ஆண்டுதோறும் உருவாவதால், பழையது நசுங்கி வெளிப்பட்டையோடு போய்விடும். பனையின் நிலை வேறு. பனை ஒருவித்திலைத் தாவரம். ஆண்டுதோறும் தடித்து வளரும் அடுக்கு அதற்குக் கிடையாது. அதன் சைலமும் புளோயமும் அடிமரம் முழுவதும் நார்க்கற்றைகளாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒருமுறை உருவான குழாய்க்குப் பதில் புதியது வராது. அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன் உருவான அடிமரத்தின் சல்லடைச் செல்கள்தாம் இன்றும் அதன் வேருக்கு உணவு கொண்டுபோகின்றன. உட்கருவே இல்லாத செல், மரத்தின் ஆயுள் முழுதும் உயிரோடு வேலை செய்கிறது. உயிரியலில் இதற்கு ஈடான வியப்புகள் குறைவு. இதே அமைப்பால்தான், பட்டையை வளையமாக உரித்து வேம்பைக் கொல்வது போலப் பனையைக் கொல்ல முடிவதில்லை.

ஏற்றுமதி

இலை முதலில் ஆக்குவது எளிய சர்க்கரைகளை. அதில் ஒரு பகுதியைப் பகலில் மாவாக்கிப் பசுங்கணிகத்துக்குள்ளேயே சேமிக்கும். இரவில் அதைக் கரைத்து அனுப்பும். சூரியன் மறைந்த பிறகும் பாளையில் சொட்டு நிற்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

அனுப்பும் வடிவம் பெரும்பாலான செடிகளில் சுக்ரோஸ். நாம் கடையில் வாங்கும் சீனியும் இதே பொருள்தான். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் தத்தம் வினைபுரியும் முனைகளால் பிணைந்து சுக்ரோஸ் ஆகின்றன. முனைகள் அடைபட்டிருப்பதால் வழியில் புரதங்களோடு சேர்ந்து வினைபுரிந்து கெடுவதில்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு நொதி அதை எளிதாக இரண்டாகப் பிளந்துவிடும். நீண்ட பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு இல்லை. பூசணிக் குடும்பம் போன்ற சில குடும்பங்கள் ராஃபினோஸ், ஸ்டேக்கியோஸ் என்ற இன்னும் பெரிய சர்க்கரைகளையும் அனுப்புகின்றன.

இலைச் செல்லில் இருப்பதைவிடப் பல மடங்கு அடர்த்தியாகச் சர்க்கரை குழாய்க்குள் சேர வேண்டும். அடர்த்தி குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்துக்கு எதுவும் தானாகப் போகாது. செடி அதற்கு ஆற்றலைச் செலவிடுகிறது. உருளைக்கிழங்கு முதலிய பல பயிர்களில் நடப்பது இது: இலைச் செல்களிலிருந்து சுக்ரோஸ் முதலில் செல்களுக்கு வெளியே உள்ள இடைவெளிக்குக் கசிகிறது. துணைச் செல்லின் சவ்வில் உள்ள எக்கி புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது. தள்ளப்பட்ட புரோட்டான் உள்ளே திரும்பும்போது, இன்னொரு புரதம் அதனுடன் ஒரு சுக்ரோஸையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்கிறது.

இந்தப் புரதத்துக்கான மரபணுவை 1992இல் ஸ்பினாச் கீரையிலிருந்து ஜெர்மனியில் பிரித்தெடுத்தார்கள். பிறகு உருளைக்கிழங்குச் செடியில் அதன் செயலை ஒடுக்கிப் பார்த்தார்கள். இலைகள் சர்க்கரையும் மாவும் நிரம்பிச் சுருண்டு போயின. மண்ணுக்குள் கிழங்குகள் குறைந்தன. இலை ஆக்குகிறது, ஆனால் அனுப்ப முடியவில்லை. வளமான இலைகளுக்குக் கீழே பட்டினி கிடக்கும் கிழங்கு! விளைச்சல் என்பது ஆக்குவதைப் போலவே அனுப்புவதையும் பொறுத்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம். பொட்டாசியமும் மக்னீசியமும் குறைந்த பயிரிலும் சர்க்கரை ஏற்றுமதி தடைபடும். கிழங்குக்கும் வாழைக்கும் தென்னைக்கும் சாம்பல் சத்து தவறாமல் இடச் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தள்ளுவது எது?

சர்க்கரை குழாய்க்குள் வந்தாயிற்று. அதை நகர்த்துவது எது? தானாகப் பரவட்டும் என்று விட்டால், ஒரு மீட்டர் கடக்கவே பத்தாண்டுக் கணக்கில் ஆகும். உண்மையில் அது மணிக்கு அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை ஓடுகிறது.

இதற்கு விடை சொன்னவர் இன்னொரு ஜெர்மானிய வனவியலாளர், எர்ன்ஸ்ட் முன்ச். 1930இல் வெளிவந்த தம் நூலில் அவர் விளக்கியது மிக எளிய ஒரு கருவியை வைத்து. நீரை மட்டும் விடும் சவ்வால் ஆன இரண்டு பைகள். இரண்டையும் ஒரு கண்ணாடிக் குழாய் இணைக்கிறது. இரண்டும் தண்ணீரில் மூழ்கியிருக்கின்றன. ஒரு பையில் அடர்ந்த சர்க்கரைக் கரைசல், இன்னொன்றில் வெறும் நீர். சவ்வூடு பரவலால் சர்க்கரைப் பைக்குள் நீர் புகும். அங்கே அழுத்தம் ஏறும். கரைசல் குழாய் வழியே மறு பைக்கு ஓடும். அங்கிருந்து நீர் வெளியேறும்.

செடியில் முதல் பை இலை. சர்க்கரை ஏறிய சல்லடைக் குழாய் பக்கத்துச் சைலத்திலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டு இறுகுகிறது. மறு பை வேர், பழம், கிழங்கு, பாளை. அங்கே செல்கள் சர்க்கரையை எடுத்துக்கொள்ள எடுத்துக்கொள்ள, நீரும் வெளியேறி அழுத்தம் தளர்கிறது. இரு முனைகளின் அழுத்த வேறுபாடுதான் நடுவில் உள்ள சாற்றை ஓட்டுகிறது. ஓடுவது முழுக் கரைசல் என்பதால் சர்க்கரையோடு அமினோ அமிலங்களும் பொட்டாசியமும் ஹார்மோன்களும் சேர்ந்து போகின்றன. பூக்கும் பருவம் வந்துவிட்டது என்று இலை மொட்டுக்குச் சொல்லி அனுப்பும் புரதமும் இதே ஓட்டத்தில்தான் போகிறது.

அழுத்தம் எவ்வளவு? பல செடிகளில் வளிமண்டல அழுத்தத்தைப்போலப் பத்து மடங்கு அளவில் இருக்கும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று ஏறக்குறைய இரண்டு மடங்குதான். மென்மையாகத் தோன்றும் ஒரு கத்தரி இலையின் நரம்புக்குள் டயரைவிட அழுத்தம் அதிகம்.

பூச்சியின் ஊசி

இந்த அழுத்தமே புளோயத்தை ஆராய்வதைக் கடினமாக்கியது. குழாயைத் தொட்டாலே அது அடைத்துக்கொள்ளும். உள்ளே காத்திருக்கும் புரதங்கள் அழுத்தம் சட்டென்று இறங்கியதும் சல்லடைத் துளைகளில் போய்ச் சிக்குகின்றன. சில நிமிடங்களில் கேலோஸ் என்ற பல்சர்க்கரைப் பொருள் துளை விளிம்பில் படிந்து அதை மூடுகிறது. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் ஓர் இலையை ஆடு கடித்தாலே செடி தன் சர்க்கரையை எல்லாம் ஒழுகவிட்டுவிடும்.

அடைபடாமல் குழாயைத் துளைக்கும் வித்தை அசுவினிக்குத் தெரியும். அதன் ஊசிவாய் செல்களுக்கு இடையே வளைந்து நெளிந்து போய் ஒரே ஒரு சல்லடைச் செல்லைக் குத்தி நிற்கும். 1953இல் கென்னடி, மிட்லர் என்ற இரு பூச்சியியலாளர்கள் வில்லோ மரத்தில் உண்டுகொண்டிருந்த அசுவினியின் ஊசிவாயை மட்டும் மரத்தில் விட்டுவிட்டு உடலை வெட்டி நீக்கினார்கள். பூச்சி இல்லாத ஊசியிலிருந்து சாறு தானாக வெளியே வந்துகொண்டே இருந்தது. பூச்சி உறிஞ்சவே தேவையில்லை. செடியின் அழுத்தமே அதற்கு ஊட்டிவிடுகிறது. கலப்பற்ற புளோயச் சாறு அன்றுமுதல் ஆராய்ச்சிக்குக் கிடைக்கத் தொடங்கியது.

முன்ச் சொன்னது நீண்ட தண்டுக்கும் பொருந்துமா என்ற ஐயம் மட்டும் பல காலம் நீடித்தது. மைக்கேல் நோப்லாக் தலைமையிலான அமெரிக்கக் குழு 2016இல் அதற்கு விடை கண்டது. மார்னிங் குளோரிக் கொடியில் இலைக்கும் வேருக்கும் இடையே 7.5 மீட்டர் தூரம் வரும்படி வளர்த்து, நுண்ணிய கண்ணாடி அளவிகளால் குழாய்க்குள் அழுத்தத்தை அளந்தார்கள். கொடி நீள நீள, இலைப்பக்க அழுத்தம் கூடியது; குழாய்களும் சாறு எளிதாக ஓடும்படி மாறின. முன்ச்சின் கணக்கு நின்றது. உயர்ந்த ஓக் மரங்களில் அடிமரத்தை நோக்கி வர வரக் குழாய் அகலமாவதும் பிறகு தெரியவந்தது. குழாயின் அகலம் இரண்டு மடங்கானால், அதே அழுத்தத்தில் ஓட்டம் பதினாறு மடங்காகும். சிறிய அகலப்படுத்தலே பெரிய உயரத்தை ஈடுகட்டிவிடும்.

பனையேறியின் கைப்பக்குவம்

இப்போது பாளையைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பாளையை வெட்டினால் மட்டும் பதநீர் வந்துவிடாது. வெட்டுவாய் உடனே அடைத்துக்கொள்ளும். அதனால் பனையேறி முதலில் பாளையைப் பதப்படுத்துகிறார். கடிப்பு என்ற மரக்கருவியால் அதைச் சில நாட்கள் இதமாக நசுக்கிவிடுகிறார். நார் நைய வேண்டும், ஆனால் பாளை சிதையக் கூடாது. பிறகு நுனியைச் சீவத் தொடங்குகிறார். ஒவ்வொரு முறையும் ஒரு மெல்லிய சீவல்தான். முந்தைய சீவலுக்குப் பிறகு அடைத்துக்கொண்ட சல்லடைத் துளைகள் அந்தச் சீவலோடு போய்விடுகின்றன. புது வாய்கள் திறக்கின்றன. தடியாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும்; சீவாமல் விட்டால் சொட்டு நின்றுபோகும். காலை, மாலை என்ற கணக்கு மரம் அடைக்கும் வேகத்துக்கு மனிதன் கண்ட விடை.

கலயத்தின் சுண்ணாம்புக்கும் காரணம் உண்டு. குழாய்க்குள் இருக்கும் சாறு சற்றே காரத்தன்மை உடையது, கிருமியும் இல்லாதது. வெளியே வந்ததும் காற்றிலும் பாளையிலும் உள்ள ஈஸ்ட் சுக்ரோஸை உடைத்துச் சாராயமாக்கத் தொடங்கும். சுண்ணாம்பு காரத்தைக் கூட்டி அதைத் தடுக்கிறது. சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லையென்றால் கள்.

பூவுக்கும் காய்க்கும் போக வேண்டிய சர்க்கரைதான் கலயத்தில் விழுகிறது. மரத்தைப் பொறுத்தவரை அந்தச் சீவிய நுனி, எவ்வளவு கொடுத்தாலும் நிரம்பாத ஒரு காய். அழுத்தம் அங்கே தளர்ந்தே இருப்பதால் ஓட்டம் அந்தப் பக்கமே போகிறது.

சில பனை இனங்களில் அன்றாட வெயிலின் விளைச்சல் மட்டும் வருவதில்லை. பழைய சேமிப்பும் கரைந்து வருகிறது. இலங்கையில் கித்துள் என்று பாணி இறக்கும் கூந்தல்பனை, பல ஆண்டுகளாக அடிமரத்தில் மாவைச் சேர்த்து வைத்து, பூக்கும் காலத்தில் அதைச் சர்க்கரையாக்கி மேலே அனுப்புகிறது. பூத்து முடிந்தால் இறந்துவிடும். குடைப்பனையும் அப்படியே: முப்பது ஆண்டுக்கு மேல் சேமித்து, ஒரே ஒருமுறை உச்சியில் பெரும் பூங்கொத்து விரித்து, காய் முதிர்ந்ததும் சாய்கிறது. புளோயம் மேலேயும் ஓடும் என்பதற்கு இவை கண்கண்ட சான்று.

யாருக்கு எவ்வளவு?

ஒவ்வோர் இலையும் பிறக்கும்போது உண்ணும் வாய்தான். கொழுந்து தன் வளர்ச்சிக்கு வேண்டிய சர்க்கரையை மூத்த இலைகளிடமிருந்து பெறுகிறது. முழு அளவில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ வளர்ந்த பிறகு, நுனியிலிருந்து தொடங்கி, அது ஈட்டிக் கொடுக்கும் இலையாக மாறுகிறது. பொதுவாக மேல் இலைகள் கொழுந்துக்கும் பூவுக்கும், கீழ் இலைகள் வேருக்கும் அனுப்பும். பிஞ்சு, கிழங்கு, வேர், கொழுந்து ஆகியவற்றில் எது வேகமாக எடுத்துக்கொள்கிறதோ அதன் பக்கம் ஓட்டம் திரும்பும்.

நெல்லில் இது சோற்றுக் கணக்கு. கதிருக்கு அடியில் கடைசியாக வரும் கண்ணாடி இலை மணியை நிரப்புவதில் பெரும்பங்கு வகிக்கிறது. பால் பிடிக்கும் பருவத்தில் மணியை நசுக்கினால் வரும் வெள்ளைப் பால், புளோயம் கொண்டுவந்த சர்க்கரை மாவாக மாறிக்கொண்டிருக்கும் நிலை. 1966இல் வெளிவந்த ஐ.ஆர்.8 போன்ற குட்டை ரகங்கள் விளைச்சலைப் பெருக்கியதன் உள்விவரமும் இதில் அடங்கும். அவை வைக்கோலுக்குப் போன சர்க்கரையில் ஒரு பங்கை மணிக்குத் திருப்பின. உரம் இட்டாலும் சாயாமல் நின்றன. கரும்பில் கதை வேறு. அங்கே தண்டே களஞ்சியம்; வந்த சுக்ரோஸ் மாவாகாமல் சுக்ரோஸாகவே கணுவிடைகளில் தங்குகிறது.

வழிமறித்து உண்பவர்கள்

இவ்வளவு சர்க்கரை ஓடும் பாதைக்குத் திருடர்கள் வராமல் இருப்பார்களா? நெல் தூர்களின் அடியில் கூட்டமாக உட்கார்ந்து சாறு குடிக்கும் புகையான் கைவைப்பது புளோயத்தில். வயலில் வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்து நிற்பது அதனால்தான். 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈயும் இதே வழியில்தான் உண்கிறது. புளோயச் சாற்றில் சர்க்கரை ஏராளம், புரதத்துக்கு வேண்டிய அமினோ அமிலம் கொஞ்சம். தேவையான அமினோ அமிலத்துக்காகப் பூச்சி அளவுக்கு மீறிக் குடித்து, மிச்சச் சர்க்கரையைத் தேன்போல வெளியேற்றுகிறது. அது கீழ் மட்டைகளில் சொட்டி, மேலே கரும்பூசணம் படர்ந்து, இலைக்கு வெயிலை மறைத்துவிடும். ஓலையைக் கருப்பாக்குவது பூச்சி நேராகச் செய்யும் வேலையல்ல. அது கழித்த சர்க்கரையில் வளரும் பூசணம்.

கத்தரியில் சிற்றிலை நோயை உண்டாக்கும் ஃபைட்டோபிளாஸ்மா புளோயத்துக்குள்ளேயே குடியிருந்து பெருகுகிறது. தத்துப்பூச்சி அதைச் செடிக்குச் செடி பரப்புகிறது. நெல்லில் இலைக்கருகல் நோய் உண்டாக்கும் பாக்டீரியா இன்னும் நுட்பமானது: சர்க்கரையைச் செல்லுக்கு வெளியே விடும் ஸ்வீட் என்ற புரத வாயில்களின் மரபணுவை அது தானே இயக்கிவிட்டு, கசியும் சர்க்கரையை உண்கிறது. அந்த மரபணுவில் பாக்டீரியா கைவைக்கும் இடத்தை மட்டும் திருத்தி, ஐ.ஆர்.64 உள்ளிட்ட நெல் ரகங்களில் நோய் எதிர்ப்பை உண்டாக்கியதாக 2019இல் ஆய்வு முடிவுகள் வந்தன. சர்க்கரை போகும் வழியைப் புரிந்துகொண்டதன் பயன் வயலுக்கு வரத் தொடங்கிவிட்டது.

நம் கையில் உள்ளது

மரத்தின் உணவுப் பாதை பட்டையின் உட்புறத்தில் ஒரு மெல்லிய அடுக்கு என்று தெரிந்த பிறகு, நம் தெருவில் நடக்கும் பல காரியங்களைப் பொறுத்துக்கொள்ள முடியாது. விளம்பரப் பலகையைக் கட்டிய கம்பி, மரம் பருக்கப் பருக்கப் பட்டைக்குள் இறங்கி அந்த அடுக்கை நெரிக்கிறது. இலை பச்சையாகவே இருக்கும். கீழே வேர் பட்டினி கிடக்கும். வேர் செத்த பிறகுதான் உச்சி காயும். அதற்குள் ஓரிரு ஆண்டு ஓடிவிடுவதால், காரணம் யாருக்கும் நினைவிருக்காது. வீடு கட்டவும் சாலை போடவும் தடையாக நிற்கும் மரத்தின் பட்டையை வளையமாக உரித்துவிடுவதும் கொலைதான். வெட்டுவதைவிட மெதுவானது, அவ்வளவே.

பனைக்கு ஆபத்து வேறு வகையில் வருகிறது. 2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. நல்ல முடிவு. மரம் நின்றால் போதாது, ஓலையும் நிற்க வேண்டும். உச்சியில் நிற்கும் முப்பது நாற்பது ஓலைகள்தாம் பாளைக்கும் நுங்குக்கும் வேருக்கும் சேர்த்துச் சர்க்கரை ஈட்டுபவை. பாளை சீவும் ஆண்டில் கூரைக்கும் வேலிக்கும் என்று பச்சை ஓலையை மொட்டையாகக் கழித்தால், அந்த ஆண்டின் பதநீரும் அடுத்த ஆண்டின் பாளையும் குறையும். காய்ந்த ஓலையை எடுங்கள். பச்சை ஓலையை விட்டுவையுங்கள். உங்கள் தெருவில் ஏதேனும் ஒரு மரத்தின் கழுத்தில் கம்பியோ நைலான் கயிறோ இறுகிக் கிடந்தால், இந்த வாரமே அதை அறுத்து எடுத்துவிடுங்கள்.